கடலுக்கும் ஒரு அரைமணி நேரம்

அன்புள்ள ஐயா,

தொண்டிக்குப் பக்கத்துக் கடலோர ஊர் எங்களுடையது. அப்பா நாட்டுப்படகில் தொழில் செய்தவர். இப்போது கரையில் உட்கார்ந்து வலைகளைச் சரிசெய்து கொடுக்கிறார். விடிந்தது முதல் பக்கத்தில் அரசு வானொலி பாடிக்கொண்டே இருக்கும். பாடிக்கொண்டு என்று சொல்வதே தப்பு. பாட்டு வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவார். செய்தி, உரை, நாடகம், பண்ணைச் செய்தி என்று பேச்சு மட்டும்தான் அவருக்கு வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் கூடவே உட்கார்ந்து கேட்டேன். நெல்லுக்கு மேலுரம் இடுவதைப் பற்றி யாரோ பேச, கடலை விட்டு வேறெதுவும் அறியாத மனிதர் தலையாட்டிக் கேட்கிறார். எனக்குப் பாதியிலேயே பொறுமை போய்விட்டது. எல்லாம் கைப்பேசியில் கிடைக்கிற காலத்தில் தேசிய வானொலி ஒன்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்க வேண்டுமா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பேசத்தான் வேண்டும். இன்னும் கூடுதலாகப் பேச வேண்டும் என்பதே என் கட்சி.

அடுத்த முறை அப்பாவின் கைகளைக் கவனியுங்கள். அறுந்த வலைக்கண்ணை வெட்டி எடுத்து, நூல் சுற்றிய ஊசியை நுழைத்து, பக்கத்துக் கண்ணின் அளவுக்கு முடிச்சை இழுத்து நிறுத்துகிற வேலை அது. பார்வை சற்று விலகினால் கண்ணின் அளவு மாறிவிடும். அப்படி உட்கார்ந்திருப்பவரிடம் கைப்பேசி கண்ணையும் விரலையும் கேட்கிறது. வானொலி காதோடு நின்றுகொள்கிறது.

நாளுக்கு ஓர் ஒழுங்கும் இருந்தது. 1936இல் வால்டர் காஃப்மன் அமைத்த அடையாள இசையோடு பொழுது விடியும். ஏழேகாலுக்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணசுவாமி தன் பெயரைச் சொல்லும்போதே வீட்டில் பேச்சு அடங்கும். தென்கச்சி கோ. சுவாமிநாதன் ‘இன்று ஒரு தகவல்’ சொல்லி முடித்த பிறகுதான் பல பேர் வேலைக்குக் கிளம்பினார்கள். மாலை ஆறரைக்கு மாநிலச் செய்தி. கடிகாரம் இல்லாத வீட்டுக்கும் அது போதுமாக இருந்தது.

மேலுர விஷயத்துக்கு வருகிறேன். அதைக் கேட்டு அப்பா தலையாட்டியதில் வியப்பு இல்லை. பேசுகிறவர் ஒரு தொழிலாளியை மதித்து, அவன் நாளை காலை என்ன செய்வான் என்று தெரிந்துகொண்டு பேசுகிறார். அந்த மரியாதை இன்னொரு தொழிலாளிக்குப் புரியும். திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. 1960களில் ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல்லைப் பற்றி அந்த நிலையம் தஞ்சை விவசாயிகளிடம் எடுத்துச் சொன்னது. விதைப்பது எப்போது, நாற்றங்கால் எப்படி, உரம் எவ்வளவு என்று அவர்கள் வானொலியிலேயே கேட்டுப் பயிர் செய்தார்கள். கடைசியில் அந்த ரகத்துக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆராய்ச்சி நிலையத்துக்கும் வயலுக்கும் நடுவில் இருந்தது வெறும் பேச்சு. அதன் பலன் களத்துமேட்டில் குவிந்து கிடந்தது.

இப்போது உங்கள் கரைக்கு வாருங்கள். 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகள் மண்டபத்தில் இருந்துதான் இயங்கியது. தலைமையகம் பின்னாளில்தான் கொச்சிக்குப் போனது. ஆடுதுறை சொன்னதை வயல்வரை கொண்டுபோகத் திருச்சி இருந்தது. மண்டபம் அறிந்ததைப் படகுவரை கொண்டுபோக அப்படி ஒரு பேச்சு வளர்ந்ததா? நெல்லுக்குக் கிடைத்த நேரமும் அக்கறையும் கடலுக்குக் கிடைக்கவில்லை என்பதே என் ஆதங்கம். ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்ற எச்சரிக்கை வருகிறது, வர வேண்டியதுதான். ஆனால் போட்ட வலையை எடுக்க நேரம் இருக்குமா, காற்று எந்தப் பக்கம் திரும்பும், பாக் விரிகுடாவில் ஒதுங்குவதா மன்னார் வளைகுடாப் பக்கம் போவதா என்று கேட்கிறவனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதாது. தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்து விளக்கிப் பேச வேண்டும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. எஞ்சின் பராமரிப்பு, காப்பீடு, வலைக்கண் அளவு, தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கும் பெண்களின் பாடு என்று பேச எவ்வளவு இருக்கிறது!

கைப்பேசி போதும் என்கிறீர்கள். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் அதன் சிக்னல் நின்றுவிடும் என்று அப்பாவுக்குத் தெரியும். மத்திய அலை (மீடியம் வேவ்) வானொலி அப்படி அல்ல. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அந்த அலை நிலத்தைவிடக் கடல்மேல் அதிக தூரம் வலுவாகப் போகும். இலங்கை வானொலி இந்தக் கரையில் அத்தனை தெளிவாகக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம். 2017இல் ஒக்கி புயல் வந்தபோது முன்னமே ஆழ்கடலுக்குப் போய்விட்ட குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகும் மத்திய அலையைப் பழங்காலச் சங்கதி என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாம்பனில் 2016 முதல் ‘கடல் ஓசை’ என்ற சமுதாய வானொலி 90.4இல் மீனவர்களிடம் அவர்கள் பேச்சிலேயே பேசுகிறது. அருமையான காரியம். ஆனால் சமுதாய வானொலியின் வீச்சு சில கிலோமீட்டர்தான், தொண்டிவரை எட்டாது. கரை முழுவதற்கும், கடலுக்குள்ளும் போய்ச் சேரும் வலு தேசிய வானொலியிடம்தான் இருக்கிறது.

ஆகவே ஒன்று செய்யுங்கள். அப்பாவிடம் ஒரு அரைமணி நேர நிகழ்ச்சி கொடுத்தால் அதில் என்ன கேட்க விரும்புவார் என்று கேளுங்கள். கச்சான் காற்றுக் காலத்துக்கு என்ன, வாடைக்கு என்ன, எந்த நேரத்தில் ஒலிபரப்பினால் தொழிலுக்குப் போகிறவன் கேட்பான் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, நிலைய இயக்குநருக்கு அனுப்புங்கள். ஊரில் இன்னும் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் நல்லது. வாடைக்காலம் தொடங்குவதற்குள் அனுப்பிவிடுங்கள். எனக்கும் ஒரு பிரதி வேண்டும். என் பங்குக்கு நானும் எழுதுகிறேன்.

அன்புடன்.