பதில்: மெரினாவில் எடுத்த அலைச் சத்தம் தலைக்கு மேல் கேட்கிறது

வணக்கம் நண்பரே. சுற்றிலும் எல்லாத் திசை ஒலியையும் பிடிக்கும் ஆம்பிசோனிக் மைக்கைக் கடலைப் பார்த்து வைத்தும் ஹெட்ஃபோனில் அலை தலைக்கு மேல் கேட்கிறது, இடப்பக்கம் நின்ற சுண்டல்காரர் குரல் நேர் எதிரே வருகிறது என்கிறீர்கள். மைக் பழுதில்லை, சேனல் வரிசைதான் மாறியிருக்கிறது. மைக்கிலுள்ள நாலு கேப்ஸ்யூலும் (ஒலியைப் பிடிக்கும் சிறு பாகங்கள்) பிடித்ததை மாற்றியபின் கிடைக்கும் நாலு சேனலில் டபிள்யூ எல்லாத் திசைக்கும் பொது, எக்ஸ் முன்பின், ஒய் இடவலம், இசட் மேல்கீழ். ஆம்பிஎக்ஸ் என்ற சேனல் வரிசை முறையில் இவை டபிள்யூ, ஒய், இசட், எக்ஸ் என்று வரும், பழைய ஃபூமா முறையிலோ டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட். உங்கள் ஃபைல் ஆம்பிஎக்ஸ், அதை ஹெட்ஃபோனுக்கு மாற்றித் தரும் பிளகின் (ஒலி மென்பொருளில் சேர்க்கும் துணை நிரல்) ஃபூமா என்று நினைத்துப் படிக்கிறது, அதனால்தான் முன்னால் இருந்த அலை இசட்டில் போய் உட்கார்ந்து மேலே ஏறிவிட்டது.

பிளகினில் உள்ளீட்டை ஆம்பிஎக்ஸ் என்று மாற்றுங்கள். வரிசையைக் கையால் மாற்றிச் சமாளிக்காதீர்கள், ஃபூமாவில் டபிள்யூ 3 டெசிபல் குறைவு, அந்த அளவும் சரியாக வேண்டும், இல்லையென்றால் திசை மங்கும்.

அப்புறம் திசை சரியா என்று பின்னால் கேட்டுப் பார்க்க, அடுத்த முறை பதிவைத் தொடங்கியதும் மைக்கைச் சுற்றி நடந்து, முன், இடம், பின், வலம் என்று வாயால் சொல்லிக் கைதட்டுங்கள். நான் பெசன்ட் நகரிலும் இதைச் செய்யாமல் ரெக்கார்டரை ஆன் பண்ணுவதில்லை. கடற்காற்றுக்கு மைக்கின் மேல் ரோம உறையும் கட்டாயம்.