வளர்ப்பு டாரண்டுலாவுக்கு உதிர்ந்த கால் திரும்ப வளருமா?

கேள்வி: என் டாரண்டுலாவின் பின்கால் ஒன்றைக் காணவில்லை. கூண்டுக்குள் தேடியும் அந்தக் கால் கிடைக்கவில்லை. தோலுரித்தால் திரும்ப வளரும் என்கிறார்களே, உண்மையா? நான் என்ன செய்ய வேண்டும்?

வளரும். ஆனால் அடுத்த முறை தோலுரிக்கும்போதுதான். அதுவரை வெளியே பார்த்தால் எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். கால் கிடைக்கவில்லை என்பதற்காகப் பயப்படாதீர்கள். பெரும்பாலும் அதுவே தின்றிருக்கும். டாரண்டுலாக்கள் என்ற இந்தப் பெரிய, முடி அடர்ந்த சிலந்திகள் தங்கள் உதிர்ந்த காலைத் தின்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

முதலில் கால் எந்த இடத்தில் போயிருக்கிறது என்று பாருங்கள். சிலந்தியின் காலில் ஏழு கணுக்கள், அதாவது ஏழு துண்டுகள். உடம்போடு ஒட்டிய முதல் கணுவுக்கும் இரண்டாவது கணுவுக்கும் நடுவில் இயற்கையாகவே ஒரு முறியும் இடம் இருக்கிறது. கால் எங்காவது மாட்டிக்கொண்டாலோ எதிரி பிடித்துக்கொண்டாலோ சிலந்தி அந்த இடத்தில் காலைக் கழற்றிவிட்டுப் போய்விடும். கழன்றதும் அங்குள்ள தசைகள் சுருங்கிக் காயத்தின் வாயை இழுத்து மூடிவிடும், ரத்தம் அதிகம் போகாது. உங்கள் சிலந்தியின் கால் அடியோடு, சுத்தமாகப் போயிருந்தால் அது நல்ல செய்திதான்.

நடுவில் ஒடிந்திருந்தால்தான் கவனம் தேவை. சிலந்தியின் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் தாமிரம் இருப்பதால் அது சிவப்பாக இருக்காது. நிறமில்லாமலோ லேசான நீலமாகவோ ஒரு சொட்டு நின்றால் அதுதான் ரத்தம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிலந்திக்குக் காலை மடக்கத் தசை இருக்கிறது, ஆனால் முக்கியமான இரண்டு மூட்டுகளில் நீட்டுவதற்குத் தசை கிடையாது. ரத்தத்தை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்தித்தான் நீட்டுகிறது. ரத்தம் போகப்போக அந்த அழுத்தம் இறங்கி, கால்கள் எல்லாம் உடம்புக்கு அடியில் சுருண்டுவிடும். கசிவு நிற்காவிட்டால் சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) ஒரு மெல்லிய தூரிகையால் தொட்டுக் காயத்தில் வையுங்கள். வளர்ப்பவர்கள் காலகாலமாகச் செய்வது இதுதான். அப்புறம் தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிரம்பியிருக்கட்டும். நடுவில் ஒடிந்த மீதித் துண்டைச் சில நாளில் சிலந்தியே பிடுங்கிப் போட்டுவிடுவதும் உண்டு. அதைக் கண்டு பதற வேண்டாம்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். சிலந்தியின் மேலோடு விறைப்பானது, விரியாது. அதனால் ஒரு புதுக் கால் வெளிப்பக்கமாகத் துளிர்த்து வளர வழியே இல்லை. அது உள்ளேதான் உருவாகிறது. மிச்சமிருக்கும் அந்த முதல் கணுவின் ஓட்டுக்குள், கிடைக்கும் சின்ன இடத்தில், மடங்கிச் சுருண்டபடி வளர்கிறது. பழைய ஓட்டை உரித்துப் போடும் நாளில் ரத்த அழுத்தம் அதற்குள் பாய்ந்து மடிப்பு விரிகிறது. இவ்வளவு சிறிய இடத்துக்குள் முழு நீளக் கால் அடங்காது என்பதால்தான் முதல் முறை வரும் கால் குட்டையாகவும் மெலிந்தும் இருக்கிறது. அடுத்தடுத்த தோலுரிப்புகளில் பெரிதாகி, இரண்டு மூன்று முறையில் மற்ற கால்களோடு ஏறக்குறைய சமமாகிவிடும்.

நான் இங்கே இங்கிலாந்தில் வளர்ப்பது மெக்சிகோவின் பசிபிக் கரைப் பக்கத்தைச் சேர்ந்த செம்முழங்கால் டாரண்டுலா, பிராக்கிபெல்மா ஹமோரி. 2017 வரை கடைகளில் பிராக்கிபெல்மா ஸ்மிதி என்ற பெயரில் விற்றவற்றில் பெரும்பாலானவை இந்த இனம்தான். என்னிடம் வந்தபோதே அதற்கு ஏழு கால்தான். ஏழு காலோடு நடந்தது, குழி தோண்டியது, இரை பிடித்தது, எதிலும் குறைவில்லை. தோலுரித்து அது நிமிர்ந்தபோது எட்டாவது கால் இருந்தது. மற்றதில் பாதி நீளம்கூட இல்லை, முழங்காலின் சிவப்பும் மங்கல்தான். ஆனால் கணுக்கள் எல்லாம் சரியாக இருந்தன, நுனியில் நகங்கள்கூட இருந்தன. அந்தச் சின்னக் காலைத் தரையில் ஊன்றி அது நடப்பதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த உயிரினத்தை அருவருப்பாகப் பார்க்கிறவர்களுக்கு அந்த ஒரு நாளைக் காட்ட வேண்டும் என்று இன்றும் ஆசைப்படுகிறேன்.

எப்போது உரிக்கும்? குஞ்சுகள் சில வாரங்களுக்கு ஒரு முறைகூட உரிக்கும். வளர்ந்த பெண் சிலந்தி வருடத்துக்கு ஒரு முறை, சில சமயம் அதைவிடத் தாமதமாகவும் உரிக்கும். ஏற்கெனவே உரிக்கும் காலம் நெருங்கிய நிலையில் கால் போயிருந்தால், உள்ளே புதுக் கால் உருவாக நேரம் போதாது. அந்தத் தடவை கால் வராது, அதற்கடுத்த தடவைதான் வரும். ஆகவே ஒரு முறை உரித்தும் கால் இல்லையே என்று மனம் உடைந்துவிடாதீர்கள்.

சீக்கிரம் உரிக்கட்டும் என்று சிலர் இரையை அள்ளிப் போடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அளவுக்கு மீறி உப்பிய வயிறு சிறிய உயரத்திலிருந்து விழுந்தாலே கிழிந்துவிடும். கால் இல்லாமல் சிலந்தி வாழும், வயிறு கிழிந்தால் பெரும்பாலும் பிழைக்காது.

உரிக்கும் காலம் வந்தால் தீனியைத் தொடாது. வயிற்றில் முடி உதிர்ந்த வழுக்கை இடம் இருந்தால் அது கறுத்துப் பளபளக்கும். தரையில் நூலால் ஒரு விரிப்புப் பின்னி, அதன்மேல் மல்லாந்து படுத்துக்கொள்ளும். புதிதாக வளர்ப்பவர்கள் செத்துவிட்டது என்று நினைத்துப் புரட்டிப் போடுவது இந்த நேரத்தில்தான். சாகும் சிலந்தி பொதுவாகக் குப்புற இருந்து, கால்களைச் சுருட்டிக்கொண்டு சாகும். மல்லாந்து கிடந்தால் தொடவே கூடாது. முதுகின் ஓடு திறந்துகொள்ள, ஈரக் கையுறையிலிருந்து விரல்களை உருவுவதுபோல ஒவ்வொரு காலையும் மெல்ல மெல்ல உருவும். சில மணி நேரம் ஆகலாம். நுரையீரலின் உட்பூச்சு, நச்சுப்பற்கள் எல்லாமே பழைய ஓட்டோடு போய்ப் புதிதாக வரும். புதுப் பல் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். அது கறுத்து இறுகும்வரை இரை போடாதீர்கள். முன்பே போட்ட சுவர்க்கோழி உள்ளே இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், இளகிக் கிடக்கும் சிலந்தியை அது கடித்துத் தின்றுவிடும்.

கால் ஏன் போனது என்பதையும் பாருங்கள். கூண்டின் மூடி கம்பிவலையா? நகம் அந்தக் கண்ணியில் சிக்கி, தொங்கி, காலைக் கழற்றிக்கொண்டு விழுவது அடிக்கடி நடக்கிறது. துளை போட்ட அக்ரிலிக் மூடிக்கு மாற்றுங்கள். தரையில் வாழும் இனம் என்றால் மண்ணை உயர்த்தி, மூடிக்கும் மண்ணுக்கும் இடையே சிலந்தியின் கால் விரிப்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் உயரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்னதெல்லாம் பெண்ணுக்கும் இன்னும் முதிராத ஆணுக்கும் பொருந்தும். ஆண், முதிர்ச்சி அடையும் தோலுரிப்புக்குப் பிறகு பொதுவாக மறுபடி உரிப்பதில்லை. வாயருகே கைபோல் இருக்கும் இரண்டு உறுப்புகளின் நுனி குமிழாகத் திரண்டிருந்தால் அது முதிர்ந்த ஆண், போன கால் போனதுதான். இருக்கிற ஏழு காலோடு நன்றாகவே நடமாடும், தண்ணீரும் தீனியும் வழக்கம்போல் கொடுங்கள். குமிழ் இல்லை, ஆணா பெண்ணா என்றும் தெரியவில்லை என்றால், அடுத்து உரிக்கும் தோலை எறியாமல் எடுத்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் ஊறவைத்து, வயிற்றுப் பகுதியை விரித்துப் பாருங்கள். மேலே இருக்கும் இரண்டு நுரையீரல் தடங்களுக்கு நடுவே சிறிய மடல் அல்லது இரட்டைப் பை மாதிரி ஒன்று தெரிந்தால் அது பெண். செம்முழங்கால் போன்ற இனங்களில் பெண் 20 வருடங்களுக்கு மேலும் வாழும், முதிர்ந்த பிறகும் உரித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கால் முழுதாக வளர அதற்கு நிறைய நேரம் இருக்கிறது.