ஆறு மாதம் தாண்டினால் பயிற்சி வீணா?

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 7 மாதம் ஆகிறது. வலது மணிக்கட்டும் விரல்களும் ஓரளவு அசைகின்றன. ஆனால் எல்லாவற்றையும் இடது கையாலேயே செய்கிறார். இனி முன்னேற்றம் இருக்காது என்கிறார்களே, பயிற்சியை நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். முதல் சில மாதங்களில் மீட்சி வேகமாக இருக்கும், அப்புறம் மெதுவாகும். அவ்வளவுதான்.

எனக்குக் கவலை தருவது அந்த இடது கைதான். அது எல்லா வேலையையும் எடுத்துக்கொண்டால், வலது கையில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சத் திறனும் பயன்படாமல் போகும். 2006-இல் வெளியான எக்சைட் என்ற அமெரிக்க ஆய்வு இதைத்தான் எடுத்துக்கொண்டது. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு நல்ல கையில் உறை மாட்டி, 2 வாரம் பாதித்த கைக்குத் தீவிரப் பயிற்சி தந்தார்கள். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இவர்களுடைய கை நன்றாகத் தேறியது. ஓராண்டு கழித்தும் அந்த வித்தியாசம் நிலைத்தது.

மணிக்கட்டும் விரல்களும் சற்றேனும் அசைபவர்களுக்கே இது பொருந்தும். அப்பாவுக்குப் பொருந்துமா என்று இயன்முறை மருத்துவரிடம் கேளுங்கள். பயிற்சி என்றால் வெறும் கையை நீட்டி மடக்குவதல்ல. டம்ளரை எடுப்பது, துண்டை மடிப்பது போன்ற நிஜ வேலைகள். என்னிடம் வந்த ஒருவர், தானே சட்டைப் பொத்தானைப் போட்ட அன்று அழுதுவிட்டார். அன்று நானும் அழுதேன்.

நல்ல கையில் உறை மாட்டியிருக்கும்போது நடக்க விடாதீர்கள். தடுமாறினால் பிடித்துக்கொள்ள நல்ல கை வேண்டும். தூக்கிவிடும்போது வலது கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது, தோள் வலி வந்துவிடும்.