கட்டத்தில் திருத்துகிறீர்கள், சேர்வருக்குத் தெரியுமா?

கொழும்பில் மொத்த வியாபாரக் கடைகளுக்குச் சரக்கிருப்புப் பதிவேடுகளை இணையத்தில் அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. டேட்டாடேபிள்ஸ் (இணையப் பக்கத்தில் அட்டவணை காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு) அட்டவணையில் தேடுவதையும் வரிசைப்படுத்துவதையும் பக்கம் பிரிப்பதையும் சேர்வரிடம் ஒப்படைத்துவிட்டு, கட்டத்தைச் சொடுக்கி அங்கேயே திருத்தும் வசதியையும் சேர்த்தால் என்னென்ன தலையிடி வரும் என்று பலர் கேட்டிருந்தார்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (வெள்ளவத்தை, மாணவி): அண்ணா, எங்கள் செயற்றிட்டத்தில் 300 பொருட்கள்தான். எல்லாவற்றையும் சேர்வரில் செய்யச் சொல்கிறார் விரிவுரையாளர். அவசியமா?

பதில்: 300 வரிகளுக்கு அவசியமே இல்லை, தங்கச்சி. உலாவியே கண்ணிமைக்கும் நேரத்தில் வரிசைப்படுத்திவிடும். பல்லாயிரம் வரிகள் என்றால்தான் அந்தப் பாடு. ஆனால் புள்ளி போடுகிறவர் அவர்; செய்து பழகுங்கள்.

கேள்வி (புறக்கோட்டை): முதல் பக்கத்தில் திருத்த முடிகிறது. இரண்டாம் பக்கத்தில் சொடுக்கினால் ஒன்றும் நடப்பதில்லை.

பதில்: சொடுக்கைக் கவனிக்கும் செய்நிரலை ஒவ்வொரு கட்டத்திலும் கட்டியிருப்பீர்கள். பக்கம் மாறும்போது பழைய வரிகள் போய், சேர்வர் அனுப்பியவை புதிதாக வரையப்படுகின்றன. அவற்றில் உங்கள் செய்நிரல் இல்லை. வரிகளைத் தாங்கும் 'டிபாடி' உறுப்பில் ஒரே தடவை கட்டுங்கள், போதும்.

கேள்வி (அவரே): எந்த வரி என்பதை வரிசை எண்ணாக அனுப்பலாமா?

பதில்: கூடவே கூடாது. இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு கடை. 'மூன்றாம் வரிக்கு இந்த விலை' என்று அனுப்பும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைப்பையன் மூன்றாம் வரியில் பருப்பு விலையைத் திருத்திக்கொண்டிருந்தபோது, முதலாளி வீட்டிலிருந்தபடி கடலையைப் புதிதாகச் சேர்த்தார். அகர வரிசையில் சீனி ஒரு படி இறங்கி மூன்றாமிடத்துக்கு வந்தது. பையனின் திரையில் இது எதுவும் தெரியாது. மத்தியானம் வரை பருப்பு விலைக்குச் சீனி விற்றார்கள். முதலாளியின் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஒவ்வொரு வரியோடும் தரவுத்தளத்தின் அடையாள எண்ணை 'டிடி_ரோஐடி' என்ற பெயரில் அனுப்புங்கள். டேட்டாடேபிள்ஸ் அதையே அந்த வரியின் ஐடியாக வைத்துக்கொள்ளும். திருத்தம் அந்த எண்ணோடுதான் திரும்ப வேண்டும்.

கேள்வி (தெகிவளை): ஏழாம் பக்கத்தில் திருத்திச் சேமித்தால் அட்டவணை முதல் பக்கத்துக்குத் தாவுகிறது.

பதில்: மீண்டும் ஏற்றும் 'அஜாக்ஸ்.ரீலோட்' கட்டளைக்கு இரண்டாவது மதிப்பாக 'ஃபால்ஸ்' கொடுத்தால் அதே பக்கத்தில் நிற்கும். ஆனால் விலைவாரியாக வரிசைப்படுத்தியிருக்கும்போது விலையைத் திருத்தினால், அந்த வரி வேறு பக்கத்துக்குப் போய்விடும். சேர்வர் செய்வது சரிதான். திருத்தியவரோ அழிந்துவிட்டது என்று பதறுவார். ஆகவே நான் சேமித்தவுடன் மீண்டும் ஏற்றுவதில்லை. சேர்வர் திருப்பியனுப்பும் மதிப்புகளை அந்த ஒரு வரியில் மட்டும் போடுவேன். அடுத்த முறை பக்கம் மாறும்போது ஒழுங்கு தானாக வந்துவிடும்.

கேள்வி (கொள்ளுப்பிட்டி, அலுவலகம்): இரண்டு பேர் ஒரே வரியைத் திருத்தினால் கடைசியாகச் சேமித்தவர் போட்டதே நிற்கிறது. முதலாமவர் சண்டைக்கு வருகிறார்.

பதில்: அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. தரவுத்தள அட்டவணையில் 'பதிப்பு' என்று ஓர் எண் நிரலை (கொலம்) சேர்த்துவிடுங்கள். வரியை அனுப்பும்போது அதன் பதிப்பெண்ணும் போகட்டும், திருத்தம் வரும்போது அதுவும் கூடவே வரட்டும். 'இந்த அடையாள எண், இந்தப் பதிப்பு இரண்டும் பொருந்தினால் மட்டும் மாற்று, பதிப்பை ஒன்று கூட்டு' என்று ஒரே கட்டளையாகத் தரவுத்தளத்துக்குச் சொல்லுங்கள். மாறிய வரிகள் பூச்சியம் என்று பதில் வந்தால் வேறொருவர் முந்திவிட்டார். அவர் போட்ட மதிப்பைக் காட்டி, எதை வைப்பது என்று கேளுங்கள்.

திருத்தும்வரை பூட்டி வைக்கலாமே என்பார்கள் சிலர். பூட்டியவர் அப்படியே விட்டுவிட்டு பிளேன்டீ குடிக்கப் போய்விடுவார். யார் திறப்பது?

கேள்வி (கிராண்ட்பாஸ்): கொள்விலை நிரலை வேலையாட்களுக்குத் திரையில் மறைத்துவிட்டேன். பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. உலாவியின் உருவாக்குநர் கருவியைத் திறந்தால் சேர்வர் அனுப்பிய அத்தனையும் அங்கே கிடக்கும். அனுப்பவே அனுப்பாதீர்கள். வரிசைப்படுத்தும் நிரலின் பெயரும் உலாவியிலிருந்துதான் வருகிறது. அதை நேரே எஸ்.கியூ.எல். (தரவுத்தளத்தோடு பேசும் மொழி) கட்டளையில் ஒட்டுவது கதவைத் திறந்துவிட்டுத் தூங்குவதுபோல. மதிப்புகளைக் கட்டளையிலிருந்து பிரித்து அனுப்ப வழியுண்டு, நிரலின் பெயருக்கு அது இல்லை. அனுமதிக்கும் பெயர்களைப் பட்டியலிட்டு, அதில் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். திருத்துவதற்கும் இதே பட்டியல் முறைதான்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): எங்கள் ஊர்ப் பெயரைத் தேடினால் பாதி வாடிக்கையாளர்கள்தான் வருகிறார்கள். மீதிப் பேரின் விலாசத்திலும் அதே எழுத்துகள்தான் தெரிகின்றன!

பதில்: கண்ணுக்குத்தான் அதே எழுத்துகள். 'கொ' என்பதை யூனிகோடில் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறை) இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே சேர்ந்து இரண்டு குறியீடுகளாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக மூன்று குறியீடுகளாக. யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளை மாற்றிக் கொண்டுவந்திருந்தால் இரண்டாம் விதம் கலந்திருக்கும், ஏனென்றால் பாமினியில் கொம்பும் காலும் தனி விசைகள். சேமிக்கும்போதும் தேடும் சொல்லை வாங்கும்போதும் 'என்.எஃப்.சி.' வடிவத்துக்கு, அதாவது குறி ஒன்றாகச் சேர்ந்த முதலாம் விதத்துக்கு, மாற்றுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் 'நார்மலைஸ்', பி.எச்.பி.யில் 'நார்மலைசர்'. கட்டத்தில் திருத்தியதையும் விட்டுவிடாதீர்கள், எல்லாரும் மறப்பது அதைத்தான். ஏற்கெனவே இருக்கும் விலாசங்களை ஒரு தடவை ஓட்டி மாற்றிவிடுங்கள், பிரதி எடுத்து வைத்த பிறகு.

கேள்வி (மருதானை): கைப்பேசியில் கட்டத்தைத் தொட்டால் விசைப்பலகை பாதி அட்டவணையை மூடுகிறது.

பதில்: கைப்பேசியில் கட்டத்துக்குள் திருத்த விடாதீர்கள். வரியைத் தொட்டதும் தனிப்படிவம் திறக்கட்டும்.