பக்கத்து வீட்டுப் பிள்ளை நடந்துவிட்டது!

வாசகர் கேள்வி - பதில்: பிள்ளை வளர்ச்சி

மகளுக்கு 14 மாதம். செற்றியைப் பிடித்து எழும்பி நிற்கிறாள், கையை விட்டால் உடனே இருந்துவிடுகிறாள். எங்கள் தொடர்மாடியில் கீழ் வீட்டுப் பிள்ளை 10 மாதத்திலேயே நடந்துவிட்டது. வோக்கரில் விட்டால் கால் பலக்கும் என்று மாமி சொல்கிறா. வாங்கலாமா?
- ஒரு தாய், வெள்ளவத்தை

வாங்க வேண்டாம். யாராவது பரிசாகத் தந்தாலும் சில்லைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிடுங்கள்.

முதலில் வயதுக் கணக்கு. உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியா, கானா, ஓமான், நோர்வே, அமெரிக்கா ஆகிய நாடுகளில் சுகமான பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட அளவுகளின்படி, பிடிக்காமல் நடக்கும் வயது ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை நீளுகிறது. கீழ் வீட்டுப் பிள்ளை அந்த இடைவெளியின் முற்பாதியில் நடந்தது. உங்கள் மகளுக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதே ஆய்வில் நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் அளவில் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. குண்டியால் அரக்கி அரக்கிப் போகும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் மற்றவர்களைவிடச் சுணங்கித்தான் நடப்பார்கள்.

வோக்கரில் என்ன நடக்கிறது என்று ஒருநாள் குனிந்து பாருங்கள். பிள்ளையின் பாரம் துணி இருக்கையில் தொங்குகிறது. கால்விரல் நுனிதான் தரையைத் தொட்டு உந்துகிறது. நடப்பதற்கு வேண்டியது இடுப்பையும் பிட்டத்தையும் நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள். அவற்றுக்கு அங்கே வேலையே இல்லை. முன்னாலுள்ள தட்டு மறைப்பதால் தன் பாதம் எங்கே படுகிறது என்றும் பிள்ளைக்குத் தெரியாது. சரிந்தால் தன்னை நிமிர்த்தும் பழக்கமும் வராது, ஏனென்றால் வோக்கர் சரிய விடுவதில்லை. அத்துடன் அது ஒரு செக்கனில் ஒரு மீற்றருக்கு மேல் ஓடும். மாடிப்படியோ, கொதிக்கிற தேத்தண்ணீரோ அந்தத் தூரத்தில் இருந்தால் நீங்கள் எட்டிப் பிடிக்க முடியாது. கனடா 2004இல் வோக்கர் விற்பனையையே தடைசெய்தது இதனால்தான்.

பழைய மூன்று சில்லு மர நடைவண்டி வேறு சங்கதி. அதில் பிள்ளை தன் பாரத்தைத் தானே தாங்கிப் பின்னால் நின்று தள்ளுகிறது. வண்டி முந்தி ஓடினால் இரண்டு கிலோ அரிசிப் பையை அதில் கட்டிவிடுங்கள், வேகம் அடங்கும்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. விருப்பமான விளையாட்டுச் சாமானைச் செற்றியின் ஒரு முனையில், பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்து வரட்டும். நாலைந்து நாளில் அது லேசாகிவிட்டால், செற்றிக்கும் ஒரு கதிரைக்கும் இடையில் 20 சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். ஒரு கையை விட்டு மறு கையால் எட்டுவாள். பிறகு 30, 40 என்று கூட்டுங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நடத்துவதில் பிரயோசனம் குறைவு. இடுப்பின் இரு பக்கமும் பிடியுங்கள். வீட்டுக்குள் வெறுங்கால் போதும். டைல்ஸ் தரையில் சொக்ஸ் போட்டால் வழுக்கும், பயந்த பிள்ளை அடுத்த வாரம் முழுக்க நிற்க மறுக்கும்.

எப்போது வைத்தியரிடம் காட்டுவது? 18 மாதம் முடிந்தும் நடக்காவிட்டால் கட்டாயம் காட்டுங்கள். ஆண் பிள்ளை என்றால் தசைநோய் இருக்கிறதா என்று அறிய ஓர் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். எப்போதும் நுனிக்காலிலேயே நிற்பது, ஒரு காலை மட்டும் இழுப்பது, கால் விறைத்திருப்பது, அல்லது முன்பு நின்ற பிள்ளை இப்போது நிற்காதது: இவற்றில் எதைக் கண்டாலும் 18 மாதம்வரை காத்திருக்க வேண்டாம்.

மகனுக்கு 2 வயதும் 1 மாதமும். பத்துச் சொல் அளவில்தான் கதைக்கிறான். வீட்டில் தமிழ், பார்த்துக்கொள்ளும் அக்கா சிங்களம், போனில் ஆங்கிலக் கார்ட்டூன். மூன்று மொழியில் குழம்பிவிட்டான், ஒன்றை மட்டும் வைத்திருங்கள் என்கிறார்கள். “ஆம்பிளைப் பிள்ளை சுணங்கித்தான் கதைக்கும், தகப்பனும் அப்படித்தான்” என்கிறா அப்பம்மா. யார் சொல்வது சரி?
- ஒரு தாய், கொட்டாஞ்சேனை

இரண்டும் சரியில்லை. இந்தக் கடிதத்துக்கு மட்டும் “பொறுத்திருந்து பாருங்கள்” என்று எழுத எங்களுக்கு மனமில்லை.

பல மொழி கேட்டு வளர்வதால் பேச்சு பின்தங்குவதில்லை. “அம்மா, வதுர (தண்ணீர்) தா” என்று சிங்களம் கலந்து கேட்டால் அது குழப்பமல்ல, கையில் இருக்கிற சொல்லை எடுத்துச் செலவழிக்கிற கெட்டித்தனம். எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். “தண்ணி”யும் “வதுர”வும் இரண்டு சொல். நாயைக் காணும் போதெல்லாம் “வவ்வவ்” என்றால் அதுவும் ஒரு சொல். ஒரு தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, மூன்று நாளைக்கு வீட்டில் எல்லாருமே கேட்ட சொல்லை எழுதட்டும். அக்காவிடமும் கேளுங்கள், உங்களுக்குத் தெரியாத சிங்களச் சொற்கள் நாலைந்து அவரிடம் இருக்கக்கூடும்.

இரண்டு வயதில் எதிர்பார்ப்பது 50 சொல் அளவும், “பால் தா”, “அப்பா வா” போல இரண்டைச் சேர்த்துச் சொல்வதும். மூன்று மொழியையும் கூட்டிய பிறகும் 50ஐ நெருங்காமல், இரண்டு சொல் சேராமல் இருந்தால் மொழிகளின் மேல் பழி போட முடியாது. ஆண் பிள்ளைகள் சராசரியில் ஒன்றிரண்டு மாதம் பிந்துவது உண்மைதான், ஆனால் அந்தச் சலுகை இவ்வளவு தூரத்துக்குப் போதாது. நாக்குக் கட்டு என்பதும் உச்சரிப்பைப் பாதிக்கலாமே தவிர, சொல் எண்ணிக்கையைக் குறைக்காது. வசம்பைத் தேனில் உரைத்து நாக்கில் தடவுவதால் பேச்சு வராது. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, அதிலுள்ள கிருமியால் உடல் தளர்ந்து மூச்சே நிற்கும் ஆபத்து உண்டு.

இன்றைக்கே இரண்டைப் பாருங்கள். ஒன்று, சொன்னதை விளங்கிக்கொள்ளுதல். கையால் காட்டாமல், கண்ணாலும் பாராமல், “சப்பாத்தை எடுத்து வா” என்று சொல்லுங்கள். எடுத்து வருகிறானா? இரண்டு, சுட்டுதல். ஜன்னலால் பறவையைக் கண்டால் விரலை நீட்டிக் காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? இரண்டும் இருந்தால் ஆறுதல் கூடும். இரண்டும் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்றால், பேச்சை மட்டுமல்ல, ஓட்டிசம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முன்பு சொன்ன சொற்களை இப்போது சொல்வதில்லை என்றால் எந்த வயதிலும் அந்த வாரமே காட்டுங்கள்.

எதற்கும் முன் காது. “கதவு அடித்தால் திரும்புகிறானே” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அடிக்கடி தடிமன் பிடிக்கும் பிள்ளைக்கு நடுச்செவியில் நீர் தேங்கினால் பெரிய சத்தம் கேட்கும், பேச்சின் மெல்லிய ஒலிகள் மங்கிப் போகும். அதைக் கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டைக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்; கிளினிக் வைத்தியர் கடிதம் தருவார். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போனால் சிறுவர் வைத்தியரைப் பார்த்து, செவிப் பரிசோதனைக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் வழி கேட்கலாம். ராகமையில் விசேட தேவையுள்ள சிறுவர்களுக்கான அயாத்தி நிலையமும் இருக்கிறது. திகதி கிடைக்க நாள் எடுக்கும், ஆகவே இப்போதே பெயர் பதியுங்கள். அதற்கிடையில் பேச்சு வந்துவிட்டால் நட்டமில்லை.

காத்திருக்கும் நாளில் போனைக் குறையுங்கள். 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் சொன்ன அளவு: ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். கார்ட்டூன் ஆங்கிலம் என்பதல்ல பிரச்சினை. அது பிள்ளையின் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. நீங்கள் காத்திருங்கள். ஒன்றைக் கேட்டபின் மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். பெரும்பாலோர் மூன்றிலேயே தாங்களே பதிலையும் சொல்லிவிடுவோம். பிஸ்கட்டை உள்ளே தெரியும் பிளாஸ்டிக் போத்தலில் இறுக்கி மூடிக் கையில் கொடுங்கள், திறக்க உதவி கேட்க வேண்டி வரும். அவன் “பஸ்” என்றால் நீங்கள் “பெரிய பஸ்” என்று ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். மடியில் வைத்துப் பாடும் பாட்டில் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்தி முகத்தைப் பாருங்கள். “சொல்லு, சொல்லு, மாமாவுக்குச் சொல்லிக் காட்டு” என்று மட்டும் வேண்டாம். அது வாயை மூட வைக்கும்.

மொழியை நிறுத்தவும் வேண்டாம். உங்களுக்குச் சரளமான தமிழில் நீங்களும், அவருக்குச் சரளமான சிங்களத்தில் அக்காவும் கதையுங்கள். அவர் உடைந்த தமிழில் கதைப்பதைவிட நல்ல சிங்களம் மேல்.

பேரனுக்கு 11 மாதம், ஒரு பல்லும் வரவில்லை. பல்லுக்கொழுக்கட்டை அவிக்கக் காத்திருக்கிறோம். கல்சியம் குறைவோ?
- ஒரு அம்மம்மா, மட்டக்குளி

முதற் பல் 4 மாதத்திலிருந்து 13 மாதம்வரை எப்போதும் வரலாம். குடும்பத்தில் பிந்தி முளைத்தவர்கள் இருந்தால் பேரனுக்கும் பிந்தும். தானாகக் கல்சியம் வாங்கிக் கொடுக்க வேண்டாம். 18 மாதத்திலும் ஒன்றும் இல்லையென்றால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பல் இல்லாவிட்டாலும் முரசால் நசிக்கலாம், ஆகவே கட்டியில்லாமல் அரைத்தே தீத்திக்கொண்டிருக்காமல் குழைத்த சோறு, மசித்த பருப்பு, மென்மையாய் அவித்த பூசணித் துண்டு என்று கொடுங்கள். பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டும் சடங்கு நாளில் ஒரு கவனம்: கொழுக்கட்டையில் பல்லுப்போலக் குத்துகிற தேங்காய்ச் சொட்டு தொண்டையில் அடைக்கும். தலையில் கொட்டியவற்றைப் பிள்ளை பொறுக்கி வாயில் வைக்குமுன் எடுத்துவிடுங்கள்.

31 கிழமையில் பிறந்த மகளுக்கு இப்போது 7 மாதம். இருக்க வைத்தால் சரிகிறாள்.
- ஒரு தந்தை, பம்பலப்பிட்டி

40இலிருந்து 31ஐக் கழித்தால் 9 கிழமை, ஏறக்குறைய 2 மாதம். ஆகவே வளர்ச்சியில் அவளுக்கு 5 மாதம்தான். 5 மாதப் பிள்ளை சரியத்தான் செய்யும். இரண்டு வயதுவரை இப்படிக் கழித்தே பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக்கூடாது, அது பிறந்த திகதிப்படி. வைத்தியர் எழுதிய இரும்புச்சத்து, விற்றமின் துளிகளையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

9 மாத மகன் எதையும் இடக்கையாலேயே எடுக்கிறான். வலக்கைக்கு மாற்றிப் பழக்கலாமா?
- ஒரு தாய், தெமட்டகொடை

மாற்றுவது இருக்கட்டும், வலக்கை ஏன் வேலை செய்யவில்லை என்று முதலில் பாருங்கள். இடக்கைப் பழக்கம் என்று சொல்லும்படி தெளிவாவது 2 வயதுக்குப் பிறகு. முதல் வருடத்தில் பிள்ளை இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பாவிக்க வேண்டும். நெஞ்சுக்கு நேரே நடுவில் ஒரு கரண்டியை நீட்டுங்கள். இடக்கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு வலக்கை வருகிறதா என்று பாருங்கள். வலக்கை அநேகமாகப் பொத்தியே இருக்கிறதா, பெருவிரல் உள்ளே மடங்கியிருக்கிறதா, வலக்கால் விறைப்பாக இருக்கிறதா? ஒன்று இருந்தாலும் இந்த வாரமே சிறுவர் வைத்தியரிடம் காட்டுங்கள். மூளையின் ஒரு பக்கத்தில் பாதிப்பு இருந்தால் முதலில் தெரிவது இப்படித்தான், முன்கூட்டிப் பயிற்சி தொடங்கினால் பலன் கூடும். எல்லாம் சரி, வெறும் இடக்கைதான் என்று பிறகு தெரிந்தால் அப்படியே விடுங்கள்.

மகளுக்கு 3 வயதும் 4 மாதமும். மொண்டிசோரியில் ஒரு பக்கம் முழுக்க “அ” எழுதிவரத் தருகிறார்கள். அழுகிறாள், பென்சிலைப் பொத்திப் பிடிக்கிறாள்.
- ஒரு தாய், கிராண்ட்பாஸ்

அழுவது நியாயம். “அ”வை ஒருமுறை மெதுவாக எழுதிப் பாருங்கள்: சுழி, வளைவு, கிடைக்கோடு, நிமிர்ந்த கோடு. கோட்டை இத்தனை முறை திசை மாற்ற விரல்கள் தயாராக இருக்க வேண்டும். பிள்ளைகள் பார்த்து வரையும் ஒழுங்கு ஏறக்குறைய இப்படி: 3 வயதில் வட்டம், 4இல் கூட்டல் அடையாளம், 4½இல் சதுரம், 5இல் முக்கோணம். வட்டத்தை மூடத் தெரியாத கைக்கு “அ” வராது. எழுத்துத்தான் வேண்டுமென்றால் நேர்கோடுகளாலான “ட”, “ப” முதலில் லேசு. அகரவரிசை வாயால் சொல்வதற்கு, கைக்கு அல்ல.

விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது அரிசியில் விரலால் பெரிதாக எழுதுவிக்கிறோமே, அந்த முறை இந்த வயதுக்குப் பொருந்தும்: பெரிய அசைவு, பென்சில் இல்லை, அழித்தும் எழுதலாம். வீட்டில் அதையே தினம் பத்து நிமிடம் தாம்பாளத்தில் செய்யலாம். ரொட்டி மாவில் ஒரு உருண்டையைக் கொடுத்து உருட்டி, நசித்து, கிள்ளச் சொல்லுங்கள். துணி கொழுவும் கிளிப்பைத் திறந்து மூடட்டும். கிரேயோனை 3 சென்ரிமீற்றர் துண்டுகளாக உடைத்துக் கொடுங்கள்; பொத்திப் பிடிக்க இடம் இல்லாததால் விரல் நுனிக்குத் தானாக வரும். தாளைச் சுவரில் ஒட்டி வரையவிட்டால் மணிக்கட்டு நிமிரும்.

முதலாம் தரத்துக்கு ஜனவரி 31இல் 5 வயது பூர்த்தியாக வேண்டும். மகளுக்கு இன்னும் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருக்கிறது. ரீச்சரிடம் சண்டைக்குப் போகாமல், “பக்கத்துக்குப் பதிலாக ஒரு வரி தாருங்கள், மிச்சத்தில் வட்டமும் கோடும் போட்டு வருவாள்” என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் கொப்பியில் “வீட்டில் அரிசியில் எழுதினாள்” என்று எழுதி, கையெழுத்திட்டு அனுப்புங்கள்.