விரால் அடிக்குது, முள்ளுல நிக்கலை

சித்தூர் பக்கம் குளத்துல விரால் ரப்பர் தவளையை (முள்ளு வெச்ச போலி இரை) அடிக்குது, ஆனா மாட்டலைன்னு கேட்டிருக்கீங்க. தண்ணி தெறிச்ச உடனே ராடை (தூண்டில் கம்பை) தூக்குறீங்க, அதான். மீன் கவ்வி, வாயை மூடி, கீழே திரும்பணும். ஒண்ணு ரெண்டு நொடி ராடைத் தாழ்த்தியே வைங்க. லைன் இறுகினதும் ராடை ஓங்கி ஒரே வெட்டா இழுங்க. மோனோ லைன்னா (ஒத்தை நைலான் இழை) நீண்டுக்கும், வேகம் முள்ளு வரைக்கும் போகாது. 30-40 பவுண்டு தாங்குற ப்ரெய்டு (பின்னின லைன்) போடுங்க. தவளை முதுகோட ஒட்டியிருக்கிற ரெண்டு முள்ளு நுனியையும் குறடால ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் வெளியே விரிங்க. அதுக்கு மேல போனா ஆகாயத்தாமரையைத்தான் பிடிப்பீங்க. தவளை வயித்துல ஏறின தண்ணியை அப்பப்போ பிதுக்கி விடுங்க, இல்லேன்னா தவளை மூழ்கிடும்.

செவப்புக் குஞ்சுக் கூட்டம் மேல வர்ற இடத்துல மட்டும் வீசாதீங்க. காவலுக்கு நிக்கிற பெரிய விராலைத் தூக்கிட்டா குஞ்சு பெரும்பாலும் மிஞ்சாது.