போன கோப்பைக்காக யாரும் வர்றதில்ல

கேள்வி: ஆசிரியர் சார், 2008ல டெட்ராய்ட் ரெட் விங்ஸ் NHL ஐஸ் ஹாக்கி லீக்கோட ஸ்டான்லி கப் ஜெயிச்சப்ப வுட்வர்ட் அவென்யூல ஊர்வலம் பார்த்தேன், அன்னைலேர்ந்து ஐஸ் ஹாக்கி பைத்தியம் பிடிச்சுது. அப்பல்லாம் பெரிய பெரிய ப்ளேயருங்க தானா கேட்டு டெட்ராய்ட்டுக்கு வந்தாங்க. இப்ப காண்ட்ராக்ட் முடிஞ்ச ப்ளேயருங்க வேற டீமுக்கு கையெழுத்து போட ஆரம்பிக்கிற ஒவ்வொரு ஜூலை 1ம் தேதியும் போனை கையில வச்சுக்கிட்டு உக்கார்றேன், சொல்லிக்கிற மாதிரி ஒரு பேரும் வர மாட்டேங்குது. ஜெயிச்ச டீம்ங்கிற பேருக்கு இனிமே மதிப்பே கிடையாதா? ஃப்ளோரிடா வெயிலும் அங்க வரி இல்லாததும்தான் எல்லாத்துக்கும் காரணம்னு இங்க எல்லாரும் சொல்றாங்க, நிஜமா?
- ஒரு வாசகர், நோவை, மிச்சிகன்

பதில்: மதிப்பு இருக்கு சார். ஜெயிக்கிற டீமுக்கு இன்னைக்கும் ஆளு வர்றாங்க, சம்பளத்தை குறைச்சுக்கிட்டு கூட வர்றாங்க. ஆனா உங்க கேள்வியில ஒரு வார்த்தை இடிக்குது. "ஜெயிச்ச டீம்"னு எழுதியிருக்கீங்க. ப்ளேயர் தேடுறது ஜெயிக்கப்போற டீமை. ரசிகருக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், ஏன்னா கூரையில தொங்குற கோப்பை பேனர் எல்லாம் நமக்கு சொந்த வீட்டு போட்டோ மாதிரி. 28 வயசுல மார்க்கெட்டுக்கு வர்ற ஒருத்தனுக்கு அப்படி இல்ல, அவன் உடம்பு இன்னும் அஞ்சாறு வருஷம் தாங்கும், அதுக்குள்ள எந்த ஊர்ல ஜூன் மாசம், அதாவது ஃபைனல் நேரத்துல, ஆடிக்கிட்டு இருப்போம்னுதான் கணக்கு போடுவான்.

நீங்க பார்த்த அந்த 2008லேர்ந்தே ஆரம்பிக்கிறேன். அந்த ஃபைனல்ல டெட்ராய்ட் தோக்கடிச்சது பிட்ஸ்பர்க்கை, பிட்ஸ்பர்க்ல ஆடிக்கிட்டு இருந்தவர் மரியான் ஹோசா. ஒரு மாசம் கூட முழுசா ஆகல, ஜூலை 2ம் தேதி அவரே டெட்ராய்ட்ல கையெழுத்து போட்டாரு, ஒரே ஒரு வருஷத்துக்கு 7.45 மில்லியன் டாலர். எட்மன்டன் பல வருஷ காண்ட்ராக்டும் இதைவிட ரொம்ப பெரிய தொகையும் கொடுக்க ரெடியா இருந்ததா அப்பவே செய்தி வந்துச்சு. கால் உடைஞ்சா, முதுகு போனா அடுத்த வருஷம் கையில ஒண்ணும் இருக்காது, தெரிஞ்சேதான் அவர் ஒரு வருஷத்தை எடுத்தாரு. அவர் வந்தது பழைய கோப்பைக்காக இல்ல, டெட்ராய்ட் நட்சத்திரங்க லிட்ஸ்ட்ரோம், டட்ஸ்யுக், ஸெட்டர்பெர்க் மூணு பேரும் அடுத்த சீசனும் அதே ட்ரெஸ்ஸிங் ரூம்ல இருக்கப் போறாங்கங்கிறதுக்காக.

அப்புறம் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. 2009 ஜூன் 12, ஜோ லூயிஸ் அரீனா, ஏழாவது கேம், எதிர்ல அதே பிட்ஸ்பர்க், அவங்க 2-1 முன்னாடி. ரெண்டு நிமிஷம் இருக்கும்போது நம்ம க்ரோன்வால் அடிச்சது மேல் கம்பியில பட்டு திரும்புச்சு. கடைசி ஆறு ஏழு செகண்டுல ஃபேஸ்ஆஃப், ஷாட், பந்து மாதிரி துள்ளி வந்த பக் (ஹாக்கில அடிக்கிற ரப்பர் வட்டு) இடது பக்கம் நின்ன லிட்ஸ்ட்ரோம் ஸ்டிக்குக்கு வருது, அந்த பக்கம் கோல் திறந்து கிடக்கு, பிட்ஸ்பர்க் கோல்கீப்பர் ஃப்ளூரி குறுக்க பாய்ஞ்சு நெஞ்சுல வாங்கினாரு. அவ்வளவுதான், மேட்ச் முடிஞ்சுது. போன வருஷம் கூட ஆடினவங்க கோப்பையை தூக்கறதை ஹோசா எதிர் பக்கம் நின்னு பார்த்தாரு. அந்த கோடையில டெட்ராய்ட் அவரை வச்சுக்க முடியல, ஏன்னா ஸெட்டர்பெர்குக்கு 12 வருஷம் 73 மில்லியன், ஃப்ரான்ஸனுக்கு 11 வருஷம் 43.5 மில்லியன்னு ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாச்சு. ஹோசா சிகாகோ போனாரு, 2010ல ஜெயிச்சாரு, கேப்டன் டேவ்ஸ் கோப்பையை வாங்கினதும் முதல்ல ஹோசா கையிலதான் கொடுத்தாரு. எனக்கு இன்னைக்கும் அதை பார்த்தா தொண்டை அடைக்கும்.

இந்த ஒரு கதையிலேயே உங்க கேள்விக்கு பாதி பதில் இருக்கு. டெட்ராய்ட்டுக்கு ஆளை இழுக்குற சக்தி இல்லாம போகல, சம்பள கணக்குல இடம் இல்லாம போச்சு. ஜெயிக்கிற டீமோட பிரச்சனை பெரும்பாலும் இதுதான், "வருவாங்களா" இல்ல, "வந்தா உக்கார வைக்க நாற்காலி இருக்கா".

இதுக்கு 2001ஐயும் பக்கத்துல வச்சு பாக்கணும். அந்த கோடையில டெட்ராய்ட் ஹாஷெக்கை பஃபலோலேர்ந்து ட்ரேட்ல எடுத்துச்சு, லூக் ரோபிடாய் வந்தாரு, ப்ரெட் ஹல் வந்தாரு, அதுக்கு டீம்ல இருந்த சீனியருங்க சிலர் தங்க சம்பளத்துல ஒரு பகுதியை பின்னாடி வாங்கிக்கிறோம்னு ஒத்துக்கிட்டாங்க. 2002ல கோப்பை. அந்த டீம்ல ஆடினவங்கள்ல பத்து பேர் இன்னைக்கு ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்காங்க, கோச் ஸ்காட்டி போமன் தனி. ஆனா அப்ப சேலரி கேப்னு, ஒரு டீமோட மொத்த சம்பளத்துக்கு உச்சவரம்புன்னு, ஒண்ணு கிடையாது சார், ஓனர் மைக் இலிட்ச் மனசு வச்சா போதும், கல்லாவை திறந்துடலாம். போதாததுக்கு அந்த காலத்துல ஒரு ப்ளேயர் முழு சுதந்திரமா மார்க்கெட்டுக்கு வரவே 31 வயசு ஆகணும், அதனால வந்தவங்க பாதி பேர் பணம் பார்த்து முடிச்சவங்க, கோப்பை ஜெயிச்சவங்களுக்கு கிடைக்கிற ஒரு மோதிரம் வேணும்னு ஏங்குறவங்க. அவங்களுக்கு டெட்ராய்ட் மாதிரி இடம் வேற எங்க இருந்துச்சு?

2004-05ல சீசனே நடக்கல, முழுசா ரத்து, திரும்பி வந்தப்ப ஆட்டத்தோட விதியே மாறிப்போச்சு. எல்லா டீமுக்கும் ஒரே உச்சவரம்பு, முதல் வருஷம் 39 மில்லியன், 2025-26ல அது 95.5 மில்லியன். சுதந்திரம் கிடைக்கிற வயசும் மெல்ல மெல்ல 27க்கு இறங்குச்சு. பணக்கார ஓனர்ங்கிறது ஒரு ஆயுதமாவே இல்லாம போச்சு. சிகாகோவையே பாருங்க, 2010ல கோப்பையை தூக்கின கை காயறதுக்குள்ள பஃப்ளின், லாட், வெர்ஸ்டீக் எல்லாரையும் வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க, ஜெயிச்சு கொடுத்த கோல்கீப்பர் நியமியையும் விட்டுட்டாங்க. யாரும் போகணும்னு கேட்கல, கேப்புக்குள்ள அடங்கல.

இப்ப 2012க்கு வாங்க, டெட்ராய்ட்ல நிஜமாவே வலிச்ச வருஷம் அதுதான்னு நான் சொல்லுவேன். மே 31 அன்னைக்கு லிட்ஸ்ட்ரோம் ரிட்டையர்மென்ட் அறிவிச்சாரு. கையில கேப் இடம் நிறைய, மார்க்கெட்ல டிஃபென்ஸுக்கு ரயன் சூட்டர், ஃபார்வர்டுக்கு ஸாக் பரீஸே. டெட்ராய்ட் ரெண்டு பேரையும் துரத்துச்சு. ஜூலை 4ம் தேதி ரெண்டு பேரும் சேர்ந்து மினசோட்டா வைல்ட்ல சேர்ந்துட்டாங்க, ஆளுக்கு 13 வருஷம், 98 மில்லியன். மினசோட்டா அதுக்கு முன்னாடி நாலு வருஷமா ப்ளேஆஃப் (சீசன் முடிஞ்சு கோப்பைக்காக ஆடுற சுற்றுங்க) பக்கமே போகாத டீம். டெட்ராய்ட் 21 வருஷமா விடாம ப்ளேஆஃப் ஆடின டீம். அப்படின்னா பேருக்கு மதிப்பில்லைன்னு தானேன்னு கேட்பீங்க. கொஞ்சம் பொறுங்க. பரீஸே மினசோட்டாக்காரரு, சூட்டரோட மனைவி வீடு மினசோட்டா, ரெண்டு பேரும் நண்பர்கள். அதைவிட முக்கியம், லிட்ஸ்ட்ரோம் இல்லாத டெட்ராய்ட் எப்படி இருக்கும்னு அவங்களுக்கும் கண்ணு தெரியும். 21 வருஷ சாதனையை பேசிக்கிட்டு போனவங்ககிட்ட அடுத்த அஞ்சு வருஷத்தை பத்தி சொல்ல தெம்பான பதில் இல்ல. இது என் தீர்ப்பு, ஆனா பின்னாடி நடந்தது எல்லாம் அதைத்தான் காட்டுது. 2013ல டெட்ராய்ட் ஸ்டீவன் வைஸுக்கு அஞ்சு வருஷ காண்ட்ராக்ட் கொடுத்து ரெண்டே வருஷத்துல காசு கொடுத்து அனுப்ப வேண்டி வந்துச்சு. 25 வருஷ ப்ளேஆஃப் தொடர் 2016ல முடிஞ்சுது, அதுக்கப்புறம் 2025 வரைக்கும் ஒன்பது சீசன் கதவுக்கு வெளியிலயே நின்னாங்க.

அந்த 2012 முடிவுல வரி விஷயத்துக்கும் பதில் இருக்கு, இதை உங்க நண்பர்கள்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. மினசோட்டால வருமான வரி மிச்சிகனை விட ரொம்ப ஜாஸ்தி. தெரிஞ்சேதான் ரெண்டு பேரும் அங்க போனாங்க.

வரி ஒண்ணுமே இல்லைன்னு நான் சொல்லல. மிச்சிகன்ல மாநில வரி 4.25 சதவீதம், அதுக்கு மேல டெட்ராய்ட் நகர வரி வேற, ஃப்ளோரிடால ரெண்டும் கிடையாது, எல்லாருக்கும் ஒரே கேப் இருக்கும்போது இது நியாயமான போட்டி இல்லைங்கிற கோபம் எனக்கும் உண்டு. ஆனா ஃப்ளோரிடா பேந்தர்ஸ் இப்ப பெய்த மழையில முளைச்ச டீம் கிடையாது. 1993லேர்ந்து ஆடுறாங்க. அதே வெயில், அதே கடற்கரை, அதே வரி இல்லாத சம்பளம் அன்னைக்கும் இருந்துச்சு. இருந்தும் 1996க்கு அப்புறம் 2022 வரைக்கும், 26 வருஷம், ஒரு ப்ளேஆஃப் சுற்று கூட ஜெயிக்கல, நடுவுல பத்து சீசன் தொடர்ந்து உள்ளயே போகல. வெயிலுக்கும் வரிக்கும்தான் ஆளு வர்றாங்கன்னா அப்ப வரிசையில நின்னிருக்கணுமே?

எப்ப வந்தாங்க தெரியுமா? 2021-22ல அவங்க லீக்லயே அதிக பாயின்ட் எடுத்தாங்க, அதே கோடையில மேத்யூ கச்சக் கால்கரில நீண்ட காண்ட்ராக்ட் போட மாட்டேன்னு சொல்லிட்டு எட்டு வருஷ காண்ட்ராக்டோட ட்ரேட்ல அங்க வந்தாரு. பார்க்கோவ், எக்ப்ளாட் ரெண்டு பேரையும் அவங்களே ட்ராஃப்ட்ல, அதாவது சின்ன வயசு ப்ளேயருங்களை டீம்கள் தேர்ந்தெடுக்குறப்ப, எடுத்து வளர்த்து வச்சிருந்தாங்க. ஆட்டம் முதல்ல, வெயில் அப்புறம். 2024, 2025 ரெண்டு கோப்பை ஜெயிச்சதும் அந்த 2025 கோடையில சாம் பென்னட் வருஷத்துக்கு 8 மில்லியன், எக்ப்ளாட் 6.1, மார்ஷண்ட் 5.25ன்னு மூணு பேரும் அங்கயே இருந்துட்டாங்க. மார்க்கெட்டுக்கு வந்திருந்தா மூணு பேருக்கும் இதைவிட பெரிய தொகை கிடைச்சிருக்கும்னுதான் ஹாக்கி உலகமே பேசுச்சு.

இன்னொரு பக்கமும் இருக்கு, ஜெயிக்கிறதும் எல்லா நேரமும் போதாது. கரோலைனா வருஷா வருஷம் ப்ளேஆஃப்ல ஆழமா போற டீம். 2025 ஜனவரியில ரான்டனென்னை கொண்டு வந்தாங்க, அவர் நீண்ட காண்ட்ராக்டுக்கு ஒத்துக்கல, மார்ச்சுல டல்லஸுக்கு அனுப்ப வேண்டி வந்துச்சு, அங்க போன உடனே எட்டு வருஷம், வருஷத்துக்கு 12 மில்லியன். அதே கரோலைனாவுக்கு அதே ஜூலையில ஈலர்ஸ் வந்தாரு, ஆறு வருஷம் 8.5 மில்லியன். மனுஷன் மனசு சார், மனைவி, குழந்தைங்க, பள்ளிக்கூடம், கோச், எல்லாம் உண்டு.

ஜூலை 1 உங்களுக்கு சப்புனு போறதுக்கு இன்னொரு காரணம், பெரிய ஆளுங்க அந்த தேதி வரைக்கும் வர்றதே இல்ல. 2025ல இருந்த விதிப்படி சொந்த டீம் எட்டு வருஷம் கொடுக்கலாம், வெளி டீம் ஏழுதான், அதனால பெரும்பாலும் முன்னாடியே முடிஞ்சுடும், இல்லைன்னா மார்னர் மாதிரி டொராண்டோல எட்டு வருஷத்தை எழுதி வாங்கிக்கிட்டு ட்ரேட்ல வேகஸ் போயிடுவாங்க. அன்னைக்கு மதியம் கடை திறக்கும்போது அலமாரியில இருக்கிறது ரெண்டாவது, மூணாவது வரிசை. அந்த வரிசைக்கு கேப் இடம் வச்சிருக்குற டீமெல்லாம் அஞ்சு வருஷம், ஆறு வருஷம்னு கொட்டும், டெட்ராய்ட்டே 2022லயும் 2023லயும் காப், காம்ஃபர்னு அப்படித்தான் வாங்குச்சு. நல்ல உழைப்பாளிங்கதான், ஆனா அவங்களை பார்த்து இன்னொரு பெரிய ப்ளேயர் மூட்டை கட்ட மாட்டான்.

யாரை பார்த்து கட்டுவான்னா, டெட்ராய்ட்டோட சீடர், ரேமண்ட், லார்கின். சீடருக்கு ஏழு வருஷம், வருஷத்துக்கு 8.55 மில்லியன், ரேமண்டுக்கு எட்டு வருஷம், 8.075, ரெண்டும் 2024ல போட்டது, கேப் ஏறுற வேகத்துக்கு இதெல்லாம் இனி மலிவு. 2026-27ல கேப் 104 மில்லியன், அதுக்கடுத்த வருஷம் 113.5ன்னு லீக்கே சொல்லியாச்சு. டெட்ராய்ட் ஜெனரல் மேனேஜர் ஐஸர்மன் இந்த மூணு பேரை சுத்தி ஒரு ப்ளேஆஃப் சுற்றாவது ஜெயிச்சு காட்டினா போதும், ஆளு தானா வருவாங்க, 2008ல வந்த மாதிரியே வருவாங்க, இதை நான் முழு மனசோட நம்புறேன்.

அதனால அடுத்த ஜூலை 1 போனை வச்சுட்டு வேலையை பாருங்க. அக்டோபர்ல சீடர் எதிர் டீமோட முதல் லைனுக்கு எதிரா ஆடுறப்ப மட்டும் போனை எடுக்காம டிவி முன்னாடி உக்காருங்க.